கார வித்துட்டு நிம்மதியா இருக்கிறவங்க யாராவது இருக்கீங்களா?

நிக்கிறவண்டி:
வணக்கம் மக்களே, பத்து வருஷமா கார் வச்சிருக்கேன், இப்போ பாதி நாள் வீட்லேர்ந்துதான் வேலை, அதனால வாரத்துக்கு ரெண்டு தடவ எடுத்தாலே அதிகம். போன மாசம் மூணு வாரம் தொடவே இல்ல, அவசரமா கிளம்பணும்னு சாவியத் திருப்பினா டிக் டிக்னு சத்தம் மட்டும் வருது, பேட்டரி காலி. டாக்ஸில உக்காந்து போகும்போதுதான் தோணுச்சு, யானையக் கட்டி தீனி போட்டுட்டு இருக்கோமேன்னு. வித்துடலாம்னு சொன்னா வீட்ல "ராத்திரி ஒரு அவசரம்னா என்ன பண்ணுவ"ன்னு ஒரே கேள்வி. பணம் மிச்சம்ங்கிறது தெரியும், அத விட்டுட்டு வேற என்ன லாபம்னு சொல்லுங்க, கஷ்டத்தையும் மறைக்காதீங்க.

கணக்குப்பிள்ளை:
பணத்த அவ்ளோ சுலபமா விட்டுடாதீங்க பாஸ், அதத்தான் எல்லாரும் தப்பா கணக்கு போடறாங்க. பெட்ரோல் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். ஆனா நிக்கிற வண்டிக்கும் செலவு ஓடிட்டேதான் இருக்கு. இன்சூரன்ஸ், பார்க்கிங், கிலோமீட்டரே ஏறலன்னாலும் வருஷத்துக்கு ஒரு தடவ மாத்த வேண்டிய ஆயில். டயர் ஓடலன்னாலும் ரப்பருக்கு வயசாகி வெடிப்பு விடும். பத்து வருஷ வண்டிங்கிறதால விலை இறங்குற பெரிய அடி முடிஞ்சுபோச்சு, இனிமே உங்களுக்கு ரிப்பேர்தான். ஒரு வருஷ செலவ மொத்தமா கூட்டி 104ஆல வகுங்க (வாரம் 2 தடவ எடுக்கறீங்கல்ல). வர்ற தொகைய டாக்ஸி வாடகையோட வச்சுப் பாருங்க.

இன்னொண்ணு, வித்தப்புறம் ஒவ்வொரு டாக்ஸிக்கும் கை நடுங்கும், ஏன்னா காசு கண்ணு முன்னாடி போகுது. நான் காருக்கு ஆன மாச செலவுல பாதிய தனி அக்கவுன்ட்ல போட்டு அதுலேர்ந்துதான் டாக்ஸிக்கு எடுக்கறேன், மனசு அடிச்சுக்கறதில்ல. வருஷக் கடைசில அதுலயும் மிச்சம்.

நடராஜா சர்வீஸ்:
நான் வித்து நாலு வருஷம் ஆச்சு. பஸ் ஸ்டாப்புக்கு பத்து நிமிஷ நடை, போக வர 20, அஞ்சு நாளைக்கு 100 நிமிஷம். உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கு சொல்றது வாரத்துக்கு குறைஞ்சது 150 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி, கொஞ்சம் வேகமா நடந்தா அதுல மூணுல ரெண்டு பங்கு தன்னால முடிஞ்சுடுது, ஜிம்முக்கு பணம் கட்டி போகாம இருக்கிற வேலையும் மிச்சம் 😄

ஆனா எனக்கு நிஜமான லாபம் தலைக்குள்ளதான். எங்க நிறுத்தறது, எவன் கோடு போட்டான், சர்வீஸ் தேதி தாண்டிடுச்சா, இதெல்லாம் மனசோட ஒரு மூலைல ஓடிட்டே இருந்திருக்கு, போனப்புறம்தான் தெரிஞ்சுது. பஸ்ல தூங்கலாம், படிக்கலாம், சும்மா வேடிக்கை பாக்கலாம். கஷ்டம்னா மழை, அப்புறம் கடைசி பஸ்ஸுக்காக விசேஷ வீட்லேர்ந்து பாதில எழுந்து ஓடறது. அது மட்டும் இன்னும் பழகல.

ராத்திரி டூட்டி:
பஸ் ஒழுங்கா வர்ற இடத்துல இருக்கிறவங்க பேச்சு இது, தப்பா நினைக்காதீங்க. எனக்கு நைட் ஷிப்ட், வித்துட்டு எட்டே மாசத்துல வேற வண்டி வாங்கி நஷ்டப்பட்டேன். அதனால அவசரப்பட்டு விக்காதீங்க, சாவிய யார்கிட்டயாவது கொடுத்துட்டு ரெண்டு மாசம் இருந்து பாருங்க. எத்தன தடவ திரும்ப கேக்கறீங்கன்னு குறிச்சு வைங்க, அதான் பதில்.

வீட்ல கேக்கற அவசரம் பத்தி: நெஞ்சுவலி மாதிரின்னா கார் இருந்தாலும் ஆம்புலன்ஸ்தான் கூப்பிடணும், வழியிலயே சிகிச்சை ஆரம்பிச்சுடுவாங்க, நீங்க ஸ்டியரிங்க பிடிச்சுட்டு பின் சீட்ட திரும்பித் திரும்பிப் பாத்துட்டு ஓட்டறத விட அது எவ்வளவோ மேல். குழந்தைக்கு நடுராத்திரி காய்ச்சல்ங்கிறதுதான் சிக்கல், அதுக்கு ரெண்டு டாக்ஸி நம்பராவது கைல இருக்கணும்.

நிக்கிறவண்டி:
எல்லாருக்கும் நன்றி. 104ஆல வகுத்துப் பாத்தேன், தொகைய இங்க சொல்ல மாட்டேன், வீட்லயும் சொல்லல 😅 சாவிய அக்காகிட்ட கொடுத்தாச்சு, ரெண்டு மாசம் பாக்கறேன். அதுவரைக்கும் பேட்டரி திரும்ப இறங்காம இருக்க வயர கழட்டி வைக்கலாமா? எத முதல்ல கழட்டறது?

கணக்குப்பிள்ளை:
கழட்டலாம். மைனஸ் முதல்ல. மாட்டும்போது அதான் கடைசி. ப்ளஸ்ஸ முதல்ல தொட்டீங்கன்னா ஸ்பேனர் பாடில பட்டு பொறி பறக்கும். ரேடியோ, கடிகாரம் செட்டிங் போயிடும், அத வந்து கேக்காதீங்க.