பி.எம்.ஐ. ஒன்று, எக்ஸ்ரே ஒன்று, வலி மட்டும் ஏன் வேறு? லெப்டின் பார்க்கலாமா?

பிசியோ முதுநிலை மாணவி

வணக்கம். மாதவிடாய் நின்ற 50–60 வயதுப் பெண்கள், முழங்கால் தேய்மானம் கெல்கிரன்-லாரன்ஸ் (எக்ஸ்ரேயில் தேய்மானத்தை 0 முதல் 4 வரை தரம் பிரிக்கும் முறை) கிரேடு 2, பி.எம்.ஐ. 28–29. இத்தனையும் ஒத்திருந்தும் வோமாக் (மூட்டுத் தேய்மானத்துக்கான கேள்வித்தாள்) வலி மதிப்பெண் ஒருவருக்கு 20-க்கு 5, இன்னொருவருக்கு 14 வருகிறது. கொழுப்பிலிருந்து சுரக்கும் லெப்டின், அடிப்போனெக்டின் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று படித்தேன். நோயாளிகளை லெப்டின் டெஸ்ட் எடுக்கச் சொல்லலாமா? ஆய்வேட்டுக்கு எடுப்பதானால் எதில் கவனம் வேண்டும்? எடை குறைப்புக்கும் பயிற்சிக்கும் முன்னும் 12 வாரம் கழித்தும் அளக்க நினைக்கிறேன்.

வாதநோய் மருத்துவர்

சிகிச்சைக்காக என்றால் வேண்டாம். லெப்டின் இவ்வளவு இருந்தால் இன்ன மருந்து என்று சொல்ல எந்த வரம்பும் கிடையாது. ரத்த லெப்டின் பெரும்பாலும் உடலில் கொழுப்பு எவ்வளவு என்பதைத்தான் சொல்லும். அதை இஞ்ச் டேப்பே சொல்லிவிடும்.

ஆனால் உங்கள் சந்தேகம் சரியான இடத்தில்தான் நிற்கிறது. உடல் பருமன் உள்ளவர்களுக்குக் கை விரல் மூட்டும் அதிகம் தேய்கிறது. விரல் என்ன உடம்பையா சுமக்கிறது? 2009-இல் வந்த எலி ஆய்வு இன்னும் தெளிவு. லெப்டினோ, அதைச் செல் உணர்வதற்கான ஏற்பியோ இல்லாத எலிகள் பயங்கரமாகக் கொழுத்தும் முழங்கால் தேய்மானம் கூடவில்லை. பாரம் மட்டுமே காரணம் என்றால் அப்படி நடந்திருக்காது.

குருத்தெலும்புச் செல்லில் லெப்டின் ஏற்பி இருக்கிறது. அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-1 கூடவே இருக்கும்போது லெப்டின் கொலாஜனை அரிக்கும் நொதிகளை, குறிப்பாக எம்.எம்.பி.-1, எம்.எம்.பி.-13 இரண்டையும், தூண்டுகிறது. முழங்கால் சிப்பிக்குக் கீழே உள்ள கொழுப்புத் திண்டும் மூட்டுக்குப் பக்கத்திலிருந்தே லெப்டின் சுரக்கிறது. அதனால் கையில் எடுக்கும் ரத்தம் மூட்டுக்குள் நடப்பதை முழுதாகக் காட்டாது. ஒரே பி.எம்.ஐ.யில் ஆணைவிடப் பெண்ணுக்கு லெப்டின் அதிகம் என்பதால் பெண்களை மட்டும் எடுப்பது நல்ல முடிவு.

அடிப்போனெக்டினில் அவசரப்பட வேண்டாம். நல்லது என்றும் கெட்டது என்றும் இரண்டு பக்கமும் முடிவுகள் இருக்கின்றன.

லேப் பயோகெமிஸ்ட்

ஆய்வுக்கு எடுப்பதென்றால்: 10–12 மணி நேர வெறும் வயிறு, எல்லோருக்கும் காலை 8–9 மணிக்குள். லெப்டின் நள்ளிரவை ஒட்டி ஏறி, பகலில் இறங்கும். ஒருவருக்குக் காலையிலும் இன்னொருவருக்கு மதியத்திலும் எடுத்தால் ஒப்பிடவே முடியாது. முந்தைய நாட்களில் சஷ்டி, ஏகாதசி என்று விரதம் இருந்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள். ஓரிரு நாள் பட்டினியிலேயே, கொழுப்பு குறைவதற்கு முன்பே, லெப்டின் சரிந்துவிடும். 12-ஆம் வாரத்தில் டயட்டில் இருப்பவரிடமும் இதே சிக்கல்தான். இரண்டாவது ரத்தம் எடுக்கும் முன் ஒரு வாரமாவது எடை நிலையாக இருக்கட்டும்.

மருந்துப் பட்டியலில் பியோகிளிட்டசோன் என்ற சர்க்கரை நோய் மாத்திரை இருந்தால் அடிப்போனெக்டின் ஏறிவிடும், அவர்களைச் சேர்க்காதீர்கள். ரத்தத்தில் கிரியேட்டினின் கூடியவர்களையும் (சிறுநீரகம் மந்தம் என்பதன் அடையாளம்) விடுங்கள். லெப்டினை வெளியேற்றுவது சிறுநீரகம்.

சீரத்தைப் பிரித்துச் சின்னச் சின்ன குழாய்களில் மைனஸ் 80-இல் வையுங்கள். ஒரே குழாயைத் திரும்பத் திரும்ப உருக்கி உறைய வைப்பதுதான் ஆய்வேடுகளில் அதிகம் நடக்கும் தவறு. ஒரே பெண்ணின் முன், பின் மாதிரிகள் ஒரே எலைசா (லெப்டினை அளக்கும் லேப் சோதனை) பிளேட்டில் ஓட வேண்டும், இல்லாவிட்டால் பிளேட்டுக்குப் பிளேட் வரும் வேறுபாடு சிகிச்சைப் பலன் மாதிரித் தெரியும். லெப்டின் நானோகிராமில், அடிப்போனெக்டின் மைக்ரோகிராமில் வரும். நீர்த்தல் கணக்கு இரண்டுக்கும் வேறு.

புள்ளியியலில்: லெப்டின் அளவு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், லாக் எடுத்துக்கொள்ளுங்கள். பி.எம்.ஐ., லெப்டின் இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்குவதால், அவற்றை ஒரே புள்ளியியல் மாடலில் போட்டால் ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடும். சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டையும் காட்டுங்கள். டெக்ஸா (உடலில் கொழுப்பையும் தசையையும் பிரித்து அளக்கும் எக்ஸ்ரே) ஸ்கேனில் கொழுப்பு நிறை கிடைத்தால் இன்னும் நல்லது.

பிசியோதெரபிஸ்ட்

5-க்கும் 14-க்கும் உள்ள வித்தியாசத்தை லெப்டினில் தேடும் முன் தொடையில் தேடுங்கள். பி.எம்.ஐ. 29 என்பது கொழுப்பா தசையா என்று சொல்லாது. கை கட்டியபடி 43 செ.மீ. உயர நாற்காலியிலிருந்து 30 விநாடியில் எத்தனை முறை எழுகிறார் என்று எண்ணுங்கள், நாற்காலி சுவரை ஒட்டி இருக்கட்டும். இடுப்புச் சுற்றளவைக் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்ட நிலையில் அளக்க வேண்டும். தொப்புள் மட்டத்தில் அளந்தால் தொங்கும் வயிற்றில் ஆளுக்கு ஆள் மாறும். நம் பெண்களுக்கு 80 செ.மீ.யே எல்லை. தூக்கம், மனச்சோர்வு, வேறு எங்கெல்லாம் வலி என்பதையும் கேளுங்கள். வலி நரம்பு மண்டலமே கூர்மையாகிவிட்டவருக்குக் கிரேடு 2-லும் மதிப்பெண் ஏறும்.

படி ஏறும்போது மட்டும் கடும் வலி என்றால் சிப்பி மூட்டாக இருக்கலாம். நேர் எக்ஸ்ரேயில் அது தெரியாது, பக்கவாட்டுப் படமோ, முழங்காலை மடித்துச் சிப்பியை எடுக்கும் ஸ்கைலைன் படமோ வேண்டும். வோமாக் கேட்கும் நாளில் வலி மாத்திரை போட்டாரா என்றும் குறித்துவையுங்கள்.

எடை விஷயத்தில், 1 கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு ஏறக்குறைய 4 கிலோ பாரம் குறையும். லெப்டினோ அதைவிட வேகமாக இறங்கும்: 10% எடை குறைந்தபோது பாதிக்கும் மேல் குறைந்தது என்று 1996-லேயே காட்டியிருக்கிறார்கள். தினம் 500 கிலோகலோரி குறையுங்கள், ஆனால் சோற்றைப் பாதியாக்கிவிட்டுப் பருப்பு, முட்டை, மோர், சுண்டலைக் கூட்டாமல் விட்டால் கொழுப்போடு தொடைத் தசையும் போகும். அப்போது லெப்டின் குறைந்தும் வலி குறையாது. சிறுநீரகக் கோளாறு இல்லாதவருக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம். கூடவே வாரம் 3 நாள் தொடைத் தசைக்கு எதிர்ப்புப் பயிற்சி. பயிற்சியால் கூடிய வலி மறுநாளும் அடங்கவில்லை என்றால் சுமையைக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள்.

பிசியோ முதுநிலை மாணவி

மிக்க நன்றி. நேரம் குறைவு என்பதால் ஒரே குழுவாக வைத்து, முன், பின் அளவை மட்டும் ஒப்பிட்டால் போதுமா?

வாதநோய் மருத்துவர்

போதாது. 2024-இல் வந்த செமாக்ளூட்டைட் (எடை குறைக்கும் ஊசி மருந்து) ஆய்வைப் பாருங்கள்: முழங்கால் தேய்மானமும் உடல் பருமனும் உள்ள 407 பேர், பெரும்பாலும் பெண்கள், 68 வாரம். மருந்துக் குழுவில் எடை 13.7% இறங்கியது, வோமாக் வலி (அங்கே 20-க்கு அல்ல, 100-க்குக் கணக்கு) 41.7 புள்ளி குறைந்தது. போலி ஊசிக் குழுவில் எடை 3.2% மட்டுமே இறங்கியது, அங்கேயும் வலி 27.5 புள்ளி குறைந்திருக்கிறது. ஒப்பீட்டுக் குழு இல்லாவிட்டால் அந்த 27.5-ஐயும் லெப்டின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். ஆட்களைக் குறைத்தாவது இரண்டு குழுவாகப் பிரியுங்கள்.