பொருள்: மறு: 'அகௌட்டி'க்கு ஈடான சொல் – வரிமயிரா, கலப்புநிறமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கருமெலனின் (கருப்பு நிறமி), செம்மெலனின் (மஞ்சள்-சிவப்பு நிறமி) ஆகிய இரு சொற்களும் முந்தைய மடல்களிலேயே ஏற்கப்பட்டுவிட்டதால், எஞ்சியுள்ள 'அகௌட்டி'க்கான (agouti: ஒரே மயிரில் கருமையும் வெளிர்நிறமும் மாறிமாறி வரும் தோற்றம்) தமிழ்ச்சொல்லைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இதற்கு 'வரிமயிர்', 'கலப்புநிறம்' என இரண்டு சொற்கள் முன்மொழியப்பட்டுள்ளன.

சொல் எதைக் குறிக்க வேண்டும் என்பதை முதலில் வரையறுத்துக்கொள்வது நல்லது. கீரியின் மயிர் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் (கீரி இணங்கினால்!) அது சாம்பல் நிறமாக இராது, அடியிலிருந்து நுனிவரை இருண்ட பகுதியும் வெளிறிய பகுதியும் மாறிமாறி வரும். காட்டுச் சுண்டெலியின் முதுகு மயிரில் நுனி கருப்பு, அதற்குச் சற்றுக் கீழே மஞ்சள், அடிப்பகுதி மீண்டும் கருப்பு. மயிரில் முதலில் உருவாவது நுனிதான். அப்போது நிறமிச் செல் கருமெலனினை உண்டாக்குகிறது. பிறகு சில நாட்களுக்கு மயிர்க்காலில் அகௌட்டிப் புரதம் சுரந்து, அச்செல்லின் மேலுள்ள எம்சி1ஆர் (MC1R) ஏற்பியை, அதாவது கருமெலனினை உண்டாக்கச் சொல்லும் சமிக்ஞையை வாங்கும் புரதத்தை, தடுக்கவே, செல் செம்மெலனினுக்கு மாறுகிறது. சுரப்பு நின்றதும் பழையபடி கருமெலனின் வருகிறது. ஆகவே இந்த மஞ்சள் பகுதி, மயிர் வளர்ந்த காலத்தில் ஒரு புரதம் சுரந்து நின்றதன் தடயம்.

'வரிமயிர்' என்ற முன்மொழிவு செவிக்கு இனிது. ஆனால் வரி என்றால் தமிழருக்குப் புலியின் உடல் வரிதான் நினைவுக்கு வரும். சாதாரண வரிப்பூனையையே எடுத்துக்கொள்ளுங்கள்: அதன் வரிகளுக்கு இடைப்பட்ட வெளிர் பகுதியில்தான் இந்த மாறுநிற மயிர்கள் தெளிவாக உள்ளன, வரிகளிலுள்ள மயிர்கள் பெரும்பாலும் கருமையானவை. "வரிமயிர் வரிக்கு வெளியே உள்ளது" என்று பாடநூலில் எழுத நேரும். 'கலப்புநிறம்' இன்னொரு குழப்பத்தைத் தருகிறது. வெள்ளை மயிர்களும் நிற மயிர்களும் விரவிய குதிரைகள் உண்டு. அங்கே கலப்பு மயிர்களுக்கு இடையில் நிகழ்கிறது, இங்கோ ஒரே மயிருக்குள். மாட்டுக்காரர் வழக்கிலுள்ள 'மயிலை' அழகான சொல் என்றாலும், அது தள்ளி நின்று பார்ப்பவருக்குத் தெரியும் மொத்த நிறத்தின் பெயர்.

என் பரிந்துரை 'வளையநிறம்'. நிறம் மயிரைச் சுற்றி வளையமாக அமைவதை அது நேரடியாகச் சொல்கிறது. முள்ளம்பன்றியின் முள்ளைப் பார்த்தவருக்கு விளக்கமே வேண்டாம். வளையநிற மயிர், ஈற்றயல் வளையம் (நுனிக்குச் சற்றுக் கீழுள்ள வளையம்), வளையநிறமின்மை என்று கிளைச்சொற்களும் தடையின்றி வருகின்றன.

'அகௌட்டி' என்ற ஒலிபெயர்ப்பே போதும் என்போருக்கு ஒரு சொல். அது தென் அமெரிக்கக் கொறிணி ஒன்றின் பெயர். 1992இல் சுண்டெலியில் பிரித்தெடுக்கப்பட்ட மரபணுவுக்கும் அதுவே பெயராயிற்று. மரபணுவின் பெயர் சிறப்புப்பெயர் போன்றது என்பதால் அதை அப்படியே வைத்துக்கொள்வதே முறை. தோற்றத்துக்கும் அதே பெயரை இட்டால்தான் சிக்கல். வீட்டுப்பூனை முழுக் கருப்பாவது அகௌட்டி மரபணு பழுதுபடுவதால். கருஞ்சிறுத்தையிலும் அதே மரபணுவில்தான் மாற்றம். ஆனால் கரிய ஜாகுவாரில் மாறியிருப்பது எம்சி1ஆர் மரபணு. அங்கே அகௌட்டி மரபணுவில் குறை ஏதும் தேவையில்லை. அந்த விலங்கை 'அகௌட்டியற்றது' என்று எழுதினால் மாணவர் தவறான மரபணுவைத் தேடிப் போவார். 'வளையநிறமற்றது' என்றால் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்லி, காரணத்தை அடுத்த வரிக்கு விட்டுவிடலாம்.

மயிர் என்று எழுதக் கூசுவோர் 'முடி' என்று மாற்றிக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை. 'உரோமம்' என்பதை மட்டும் விலங்கின் முழுப் போர்வைக்கு ஒதுக்கிவைப்போம். 'வளைநிறம்' எனச் சுருக்கலாமா என்று கேட்டவருக்கு: எலியைப் பற்றிய பாடத்தில் வளை என்றால் பொந்து என்றே படிப்பார்கள், யகரம் இருக்கட்டும்.