மேடைக்கு வாங்கும் வெற்றுவேட்டுக் கைத்துப்பாக்கி: வார்ப்பு ஸ்லைடு எத்தனை வேட்டுத் தாங்கும்?

வினா: ரூர்க்கரையான்

அனைவருக்கும் வணக்கம். ஜேர்மனியில் டோர்ட்முண்ட் பக்கத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து ஆண்டுக்கு ஒன்றிரண்டு நாடகங்கள் மேடையேற்றி வருகிறோம். இப்போது போடும் நாடகம் 1983ஆம் ஆண்டில் நடப்பது. அதில் ஓரிடத்தில் ஒரு வேட்டும், கடைசிக் காட்சியில் அடுத்தடுத்து மூன்று வேட்டும் தீர்க்கப்படுகின்றன. முதலில் ஒலிப்பதிவைக் கொண்டு சமாளிக்கப் பார்த்தோம். நடிகரின் விரல் விசையை அழுத்துவதற்கும் ஒலிபெருக்கி முழங்குவதற்கும் இடையே எப்போதும் அரைக்கணம் தப்பியது. ஆகவே சென்ற ஆண்டு, நிஜக் கைத்துப்பாக்கி ஒன்றின் அச்சு அசலான வடிவில் வந்த, குண்டில்லாமல் ஓசை மட்டும் எழுப்பும் வெற்றுவேட்டுக் கைத்துப்பாக்கி ஒன்றை வாங்கினோம். அது 9 மி.மீ. பி.ஏ.கே. வெற்றுத் தோட்டாவுக்கானது. தோற்றத்திலும் பாரத்திலும் எங்களுக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

ஐம்பது தோட்டா கொண்ட பெட்டிகள் மூன்றை ஒத்திகைகளில் முடித்த பிறகு, ஸ்லைடில் (குழலுக்கு மேலே முன்னும் பின்னும் ஓடும் மேற்பகுதியில்), வெடித்த தோட்டாவின் கோது வெளியேறும் திறப்பின் முன்மூலையில் தலைமயிர் போல் ஒரு கீறல் கண்ணில் பட்டது. மேற்பூச்சுத்தான் விரிந்திருக்கிறது என்று விட்டுவிட்டோம். மேடையேற்ற நாளன்று இரண்டாவது வேட்டிலேயே வெற்றுக்கோது திறப்பில் நெடுக்காகச் சிக்கி நின்றது. நடிகர் மறுபடி அழுத்தியும் வேலை செய்யவில்லை. சாக வேண்டியவர் வேட்டொலி இல்லாமலே விழுந்தார். சபையில் ஒரு பெரியவர் "வெற்றுவேட்டு என்றாலும் வெடிக்க வேண்டாமா?" என்று கேட்டது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. விற்றவர்களிடம் கொண்டுபோனபோது, அது தேயும் பொருள், உத்தரவாதத்துக்குள் அடங்காது என்று சொல்லிவிட்டார்கள்.

இது எங்கள் கைப்பிழையா, உலோகத்தின் பிழையா? கூடிய விலை கொடுத்தால் தாங்குமா? அடுத்ததை வாங்கும்போது கையில் எடுத்து எவற்றைப் பார்க்க வேண்டும்?

மறுமொழி: வார்ப்படக்காரன்

தம்பி, நான் சவுவர்லாந்தில் நாக (துத்தநாக) வார்ப்படத் தொழிற்சாலையில் பதினெட்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். துப்பாக்கி வார்த்ததில்லை, தண்ணீர்க் குழாய்த் தலைகளும் கதவுக் கைப்பிடிகளுமே வார்த்திருக்கிறேன். ஆனால் உங்கள் ஸ்லைடும் எங்கள் கைப்பிடியும் ஒரே உலோகந்தான். துத்தநாகத்தோடு ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பங்கு அலுமினியமும், சிறிதளவு மக்னீசியமும் செம்பும் சேர்ந்த அந்தக் கலவையைச் சமாக் என்பார்கள். நான்கு உலோகங்களின் ஜேர்மன் பெயர்களது முதலெழுத்துகளைக் கோத்துச் செய்த பெயர் அது. 1929இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி சிங்க் நிறுவனம் கொண்டுவந்த இக்கலவை ஏறக்குறைய 380 பாகை செல்சியசிலேயே உருகிவிடுவதால், எஃகு அச்சுக்குள் அழுத்தத்தோடு செலுத்தி நொடிக்கணக்கில் ஒரு துண்டை எடுத்துவிடலாம். ஸ்லைடின் பின்புறத்து வரிப்பள்ளங்களும் பக்கத்து எழுத்துகளும் அநேகமாக அச்சிலிருந்தே வருபவை. நூற்றைம்பது, இருநூறு யூரோவுக்குள் அப்படியொரு தோற்றம் கிடைப்பதன் இரகசியம் இதுதான். பாரத்துக்கும் காரணம் அதுவே. எஃகின் அடர்த்தி கன செ.மீ.க்கு 7.8 கிராம் என்றால் இதன் அடர்த்தி 6.6 அல்லது 6.7 கிராம், கைக்கு அந்த வேறுபாடு தெரியாது. வலுவில்தான் இரண்டும் வெகுதூரம்.

உங்கள் கீறல் திறப்பின் மூலையில் தொடங்கியது என்று நீங்கள் எழுதியதும் எனக்குப் பாதி விளங்கிவிட்டது. ஒவ்வொரு வேட்டுக்கும் ஸ்லைடு பின்னால் பாய்ந்து சட்டகத்தில் மோதி நிற்கிறது. அந்த அதிர்ச்சி முழுவதும் சுவர் மிக மெலிந்த இடத்தில், கூர்மையான உள்மூலையில் போய்க் குவிகிறது. அதோடு வார்ப்பின் உள்ளே ஊசிமுனை அளவில் காற்றுக் குமிழிகள் எப்போதும் இருக்கும். உடைந்த துண்டு கையில் இருந்தால் முறிவு முகத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள்: சாம்பல் நிறத்தில், சீனி உடைத்ததுபோல் மணிமணியாக இருக்கும். அதற்குள் கரிய புள்ளிகள் தென்பட்டால் அவை குமிழிகள். முறிவு முகத்தின் ஒரு பகுதி புகையேறி மங்கிக் கிடந்தால், அந்தப் பகுதி மேடையேற்றத்துக்கு வெகு முன்பே பிளந்திருந்தது என்று பொருள்.

ஆகவே அது உங்கள் கைப்பிழை அன்று, முழுதும் உலோகத்தின் பிழையும் அன்று. இப்பொருள் ஒரு பெருநாள் இரவில் பத்திருபது வேட்டுத் தீர்ப்பவருக்காகச் செய்யப்படுகிறது. நீங்களோ அதை ஒத்திகைக்குப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். கூடிய விலை கொடுத்தால் நல்ல பூச்சும், வழுவழுப்பான விசையும், உரிமம் பெற்ற பெயர்ப் பொறிப்பும் கிடைக்கும். ஸ்லைடு மட்டும் அதே சமாக்காகவே இருக்கும்.

வாங்கும்போது பார்க்கச் சொன்னால், நான் முதலில் விசைக்காப்பின் அடிப்பக்கத்தையும் கைப்பிடியின் பின்முதுகையும் விரலால் தடவிப் பார்ப்பேன். அச்சின் இரு பாதிகள் சேர்ந்த கோடு நகத்தில் தட்டுப்பட்டால், தேய்த்து முடிப்பதில் செலவைக் குறைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் என்ன செய்திருப்பார்கள் என்பதை நீங்களே ஊகிக்கலாம். பிறகு திறப்பின் உள்மூலைகள் வளைந்திருக்கின்றனவா, செங்கோணமாக வெட்டியிருக்கின்றனவா என்று பார்ப்பேன். சுத்தியல், அடியூசி, கோதை இழுத்தெடுக்கும் கொக்கி ஆகியவை எஃகுதானா என்று சிறு காந்தத்தை வைத்துப் பார்ப்பேன். நாகத்தில் காந்தம் ஒட்டாது. விலைப்பட்டியலில் கருநீலப் பதம் (இரும்பின் மேற்பரப்பைக் கறுக்கவைக்கும் இரசாயனப் பதம்) செய்தது என்று எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். அந்தப் பதம் இரும்புக்கே உரியது, நாகத்தில் பிடிக்காது. இவற்றில் இருப்பது அரக்குப் பூச்சு அல்லது மின்முலாம். உறையில் போட்டு எடுக்க எடுக்க விளிம்புகளில் கறுப்புப் போய் வெள்ளி தெரியும், அவ்வளவுதான்.

ரூர்க்கரையான்

அண்ணா, மிக்க நன்றி. உடைந்ததைப் பார்த்தேன். முறிவு முகத்தில் பாதிக்கு மேல் கறுத்துத்தான் இருக்கிறது. இன்னொன்று கேட்க வேண்டும். தோட்டாவில் குண்டே இல்லாதபோது ஸ்லைடைப் பின்னால் தள்ளும் விசை எங்கிருந்து வருகிறது? கடைசிச் சில வேட்டுகளில் அது முழுத்தூரம் போகாமல் பாதியில் நின்றதுபோல் தோன்றியது.

மறுமொழி: வார்ப்படக்காரன்

சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். நிஜத் துப்பாக்கியில் குண்டு குழலை அடைத்துக்கொண்டு போவதால் பின்பக்கம் அழுத்தம் எழுகிறது. இங்கே குழலுக்குள் எஃகுத் தடை வைத்து வாயு போகும் வழியைக் குறுக்கியிருக்கிறார்கள். அந்தத் தடைக்கு இரண்டு வேலை: குண்டு எதையும் வெளியே விடாமல் மறிப்பது ஒன்று, ஸ்லைடை இயக்கும் அளவுக்கு வாயுவை ஒரு கணம் தேக்குவது மற்றது. அதில் எவரும் கைவைக்கக் கூடாது. கைவைத்தால் அது சட்டப்படி வேறு பொருளாகிவிடும். ஸ்லைடு பாதியில் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் கரி. எரியாத மருந்துத் துகளும், தோட்டா வாயை மூடியிருக்கும் பிளாஸ்டிக் மூடியின் துணுக்குகளும் கொக்கியின் அடியிலும் தோட்டா அறையின் சுவரிலும் படிந்து, கோது வெளியே வரும்போது இழுக்கின்றன. ஒவ்வொரு நாளும் சுட்டு முடித்ததும், சூடு ஆறியபின் கழற்றித் துடையுங்கள். எண்ணெயை மிகச் சிறிதளவே இடுங்கள். எண்ணெய் நிறைய ஊற்றினால் அது கரியைக் குழைத்துக் களியாக்கிவிடும்.

மறுமொழி: திரைக்குப்பின்

வார்ப்படக்காரன் ஐயா உலோகத்தைச் சொல்லிவிட்டார். இருபது ஆண்டுகளாக மேடைப் பொருள்களைப் பொறுப்பெடுத்து வருபவன் என்ற முறையில், வேறொரு பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

என் கருத்தில், மேடைக்குச் சுழல்துப்பாக்கியே தகும். 9 மி.மீ. ஆர்.கே. தோட்டா போடும் வெற்றுவேட்டுச் சுழல்துப்பாக்கியில் ஓடுகிற ஸ்லைடும் இல்லை, கோது துப்பும் வேலையும் இல்லை. ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் விசையை மறுபடி அழுத்தினால் அடுத்த அறை வந்து நிற்கும். உங்கள் சபையில் அந்தப் பெரியவருக்குப் பேச வாய்ப்பே கிடைத்திராது. கதைக்குத் தானியங்கிதான் பொருந்தும் என்றால், ஆண்டைக் கவனியுங்கள். கடைகளில் அதிகம் கண்ணில் படும் வால்தர் பி99, பி22 ஆகியவற்றின் நிஜ வடிவங்களே 1983இல் பிறக்கவில்லை. முன்னது 1990களின் பிற்பகுதியிலும் பின்னது 2002 அளவிலும் வந்தவை. வால்தரின் பிபிகே 1931ஆம் ஆண்டின் வடிவம், ஆகவே உறுத்தாது. வால்தர் நிறுவனம் 1993 முதல் ஆர்ன்ஸ்பெர்க்கில் உள்ள ஊமரெக்ஸ் நிறுவனத்தின் கையில் இருப்பதால், அந்தப் பெயரைப் பொறித்த வெற்றுவேட்டு வடிவங்கள் முறையான உரிமத்தோடு வருகின்றன. முன்வரிசையில் இருப்பவர் அந்த எழுத்தை வாசிக்கப் போவதில்லை என்பது வேறு விடயம்.

இனி முக்கியமானது. ஜேர்மனியில் விற்கப்படும் கைத்துப்பாக்கிகள் பெரும்பாலும் வாயுவைக் குழலின் முன்வாயாலேயே விடுகின்றன. குண்டு இல்லை என்பதால் ஆபத்தில்லை என்று எண்ணிவிடாதீர்கள். 1984ஆம் ஆண்டு அக்டோபரில் ஜோன் எரிக் ஹெக்சம் என்ற அமெரிக்க நடிகர், படப்பிடிப்பு இடைவேளையில் வெற்றுத் தோட்டா போட்ட சுழல்துப்பாக்கியை விளையாட்டாகத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்தினார். வேட்டின் விசையே மண்டையோட்டை உடைத்தது, ஆறாம் நாள் அவர் இறந்தார். எங்கள் குழுவில் துப்பாக்கி ஒருபோதும் ஆளை நோக்கி நீட்டப்படுவதில்லை. சுடுபவர் எதிராளியின் தோளுக்கு ஒரு முழம் தள்ளி, மேடையின் பின்பக்கத்தை நோக்கி நீட்டுவார். சபையின் கோணத்திலிருந்து பார்த்தால் நெஞ்சை நோக்கி நீட்டியதாகவே தெரியும். மண்டபத்துக்குள் வேட்டின் உச்சம் 140 டெசிபெல்லைத் தாண்டும் என்பதால், ஒத்திகையில் அனைவருக்கும் காதடைப்பான் கட்டாயம். சபைக்கு முன்கூட்டியே அறிவித்துவிடுவோம். ஊரில் வேட்டுச் சத்தத்தோடு வாழ்ந்தவர்கள் நம் சபையில் இருப்பார்கள். அவர்களில் சிலர் அந்தக் காட்சிக்கு முன் எழுந்து வெளியே போய் நிற்பதைக் கண்டிருக்கிறேன்.

மறுமொழி: பத்திரம் பார்ப்பவர்

பலர் குழப்பிக்கொள்ளும் ஒன்றை மட்டும் சொல்கிறேன். வாங்கும் துப்பாக்கியின் மேல் ஒரு வட்டத்துக்குள் பி.டி.பி. என்ற எழுத்துகளும் எண்ணும் இருக்க வேண்டும். அது பிரவுன்ஷ்வைக்கில் உள்ள தேசிய அளவியல் நிறுவனம் அந்த வகையைச் சோதித்து ஏற்றதற்கான குறி. அது இருந்தால் 18 வயது நிறைந்தவர் உரிமமின்றி வாங்கலாம். ஐங்கோணத்துக்குள் எஃப் எழுதிய குறி, சுடும் ஆற்றல் 7.5 யூலுக்கு மேற்படாத காற்றுத் துப்பாக்கிகளுக்கானது. அதைக் கண்டு வாங்கிவிட்டு வெற்றுவேட்டு என்று நினைத்தவர்களை எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வெளியே இடுப்பில் வைத்துக்கொண்டு திரிவதற்கு 2003 ஏப்ரல் முதல் சிறிய படைக்கல அனுமதிப் பத்திரம் (கிளைனர் வாஃபன்ஷைன்) வேண்டும். நாடகத்தில் நடிப்பவர் மேடையில் வெற்றுத் தோட்டாவைச் சுடுவதற்குப் படைக்கலச் சட்டத்தின் 12ஆம் பிரிவு விலக்களிக்கிறது. மண்டபத்துக்கு எடுத்துச் செல்லும்போது தோட்டாவை அகற்றி, பூட்டிய பெட்டியில் வைத்துக் கொண்டுபோங்கள். மண்டபக்காரரிடமும் காவல்நிலையத்திலும் ஒரு வார்த்தை சொல்லி வைப்பதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை.

மறுமொழி: தேம்சுக்கரை

இலண்டனிலிருந்து இதை வாசிப்பவர்களுக்காக எழுதுகிறேன். மேலே சொல்லப்பட்ட எதையும் அங்கிருந்து வாங்கி இங்கே கொண்டுவர முயல வேண்டாம். இங்கே 2006ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பிறகு நிஜத்தோற்றப் போலிகளின் விற்பனைக்குத் தடை உண்டு. கடைகளில் வருபவை பளிச்சென்ற நிறத்தில், பெரும்பாலும் வாயுவை மேற்புறமாக விடுபவை. அவற்றிலும் துருக்கியில் தயாரான ரெட்டாய், எக்கோல், சியோனிக், புளோ ஆகிய நான்கு பெயர்களைக் கொண்ட மேல்வாயு வகைகள் நிஜத் துப்பாக்கியாக எளிதில் மாற்றப்படக்கூடியவை என்று முடிவாகி, 2025 பெப்ரவரி 3 முதல் 28 வரை காவல்துறையிடம் ஒப்படைக்க அவகாசம் கொடுத்தார்கள். அலமாரியில் மறந்து கிடப்பதும் இப்போது குற்றமே. எங்கள் நாடகக் குழு முறையான உரிமம் உள்ள வாடகை நிலையத்திலிருந்து, பொறுப்பாளரோடு சேர்த்தே எடுக்கிறது. செலவு கூடத்தான்.

ரூர்க்கரையான்

அனைவருக்கும் நன்றி. நேற்று ஒரு சுழல்துப்பாக்கியைப் பார்த்து வந்தோம். அண்ணா சொன்னபடி நகத்தால் தடவியதில் கைப்பிடியின் பின்புறக் கோடு தட்டுப்படவில்லை. குளிர்பெட்டியில் ஒட்டியிருந்த காந்தத்தைக் கொண்டுபோயிருந்தேன், அது சுத்தியலில் ஒட்டியது. விற்பவர் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார். வட்டத்துக்குள் பி.டி.பி. இருக்கிறது. ஒத்திகைகளில் இனிக் கைதட்டி ஒலி எழுப்புவதென்றும், வேட்டுகளைக் கடைசி இரண்டு ஒத்திகைக்கும் மேடையேற்றங்களுக்கும் மட்டும் வைத்துக்கொள்வதென்றும் முடிவு செய்திருக்கிறோம். சுட்ட எண்ணிக்கையைக் குறிக்கப் பெட்டியின் மூடிக்குள் ஒரு தாள் ஒட்டியாயிற்று.

மறுமொழி: திரைக்குப்பின்

நல்லது. ஒன்றை மறந்துவிட்டேன்: மண்டபத்தின் புகை உணரிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று பராமரிப்பாளரிடம் கேட்டு, அந்த நேரத்துக்கு மட்டும் அவரே அவற்றை நிறுத்திவைக்கும்படி எழுதி வாங்குங்கள். எங்கள் நாடகம் ஒன்றில் மூன்றாம் வேட்டுக்குத் தீயணைப்பு வண்டி வந்து நின்றது. அந்தக் கட்டணத்தில் இரண்டு சுழல்துப்பாக்கி வாங்கியிருக்கலாம்.