புறவாசலுக்கு ஒரு மறைப்பு

குழு: பாளை வீடு
சனி, செப்டம்பர் 27

நான், காலை 7.42
[3 படங்கள்]
போன வாரம் பாளையங்கோட்டைக்குப் போயிருந்தபோது எடுத்த படங்கள். பக்கத்து மனையில் கட்டிய அடுக்குமாடியில் குடிவந்துவிட்டார்கள். கீழே கார் நிறுத்தம், அதற்கு மேல் 3 மாடி. மூன்று பால்கனிகளும் நம் புறவாசலைப் பார்த்தபடி இருக்கின்றன. முன்பு அந்த மனையில் நின்ற 2 வேம்பும் 1 புங்கையும்தான் நமக்குத் திரையாக இருந்திருக்கின்றன. வெட்டிய பிறகுதான் அது எனக்குப் புரிந்தது. நான் இருந்த 4 நாளும் அம்மா துவைக்கிற கல்லில் உட்காரவே இல்லை. கேட்டால் வெயில் என்றார்கள். வெயில் தாழ்ந்த பிறகும் வெளியே வரவில்லை. ஐப்பசி மழைக்கு இன்னும் சில வாரம்தான் இருக்கிறது. செடி வைப்பதென்றால் இதுதான் சமயம். எல்லோரும் யோசனை சொல்லுங்கள்.

அம்மா, காலை 7.50
காலையிலேயே எல்லோரையும் ஏன் கலவரப்படுத்துகிறாய்? எனக்கு ஒரு சிரமமும் இல்லை. அவர்கள் வீட்டுப் பால்கனியில் அவர்கள் நிற்கத்தான் செய்வார்கள்.

அண்ணன், காலை 8.05
நிற்கட்டும் அம்மா. ஆனால் நம் கிணற்றடி தெரிகிற மாதிரி கட்டுவதற்கு எப்படி அனுமதி கொடுத்தார்கள்? பெரியப்பா, சட்டத்தில் இதற்கு வழி உண்டா?

பெரியப்பா, காலை 8.31
1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தில் 18ஆவது பிரிவு இருக்கிறது. ஓர் ஊரில் அப்படி வழக்கம் இருந்தால், பக்கத்து வீட்டின் மறைவான பகுதி தெரியும்படி புதிய சன்னல் திறக்கக் கூடாது என்பதை அந்தப் பிரிவிலேயே எடுத்துக்காட்டாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அந்த வழக்கம் நம் ஊரில் உண்டு என்று நாம்தான் நிரூபிக்க வேண்டும். நீதிமன்றத்தில் நான் வேலை பார்த்த காலம் முழுவதும் நம் பக்கத்தில் ஒருவரும் நிரூபித்துப் பார்த்ததில்லை. அந்த வீட்டுக்காரர்கள் விட வேண்டிய இடத்தை விட்டு, அனுமதி பெற்றுத்தான் கட்டியிருக்கிறார்கள். நானே போய்ப் பார்த்தேன். மனு எழுதுகிற நேரத்தில் குழி வெட்டுங்கள். இன்னொன்று: நம் மரத்தின் கிளை அவர்கள் பக்கம் நீண்டால் அதை வெட்டிக்கொள்ளும் உரிமை அவர்களுக்கு உண்டு. அதையும் மனத்தில் வைத்துச் செடியைத் தேர்ந்தெடுங்கள்.

அண்ணன், காலை 8.40
அப்படியானால் நெட்டிலிங்கம். மதிலை ஒட்டி 5 அடிக்கு ஒன்றாக 8 கன்று. பக்கவாட்டில் பரவாது, நேராக மேலே போகும். பள்ளிக்கூடங்களில் எல்லாம் வைத்திருக்கிறார்களே, அந்த அசோக மரம்.

சித்தி மகள், காலை 8.44
அண்ணா, அது அசோக மரம் இல்லை. ஊரில் அப்படிச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். எங்கள் சித்த மருத்துவக் கல்லூரியில் முதலாண்டிலேயே இதைச் சொல்லித் திருத்துவார்கள். மருந்துக்குப் பட்டை எடுக்கிற அசோகு வேறு. அது ஆரஞ்சு நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூக்கும்.

சித்தி, காலை 8.58
நெட்டிலிங்கம் வளர்வதற்குள் அக்காவின் பேரனுக்கே கல்யாணம் ஆகிவிடும். எங்கள் நாகர்கோவில் குடியிருப்பில் கோனோகார்ப்பஸ் என்று ஒன்று வைத்தார்கள். ஒரே வருடத்தில் பச்சைச் சுவர் மாதிரி ஆகிவிட்டது. விலையும் குறைவு.

சித்தி மகள், காலை 9.03
அம்மா, அது வேண்டவே வேண்டாம். குஜராத்தில் 2023இலேயே தடை செய்தார்கள். 2025இல் நம் தமிழ்நாடு அரசும் நடக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டது. வேர் தண்ணீர்க் குழாய்க்குள்ளும் சாக்கடைக்குள்ளும் நுழைந்துவிடும். அதன் மகரந்தத்தால் சிலருக்குச் சளியும் மூச்சிரைப்பும் வருவதாகவும் சொல்கிறார்கள். பெரியம்மா வீட்டில் கழிவுநீர்த் தொட்டி மதிலோரத்தில்தானே இருக்கிறது?

நான், காலை 9.05
ஆமாம், மதிலிலிருந்து 5 அடியில்.

சித்தி, காலை 9.06
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சித்தி, காலை 9.10
கன்றின் படம் அனுப்பியிருந்தேன், எடுத்துவிட்டேன். எங்கள் சங்கக் கூட்டத்திலும் இதைச் சொல்கிறேன்.

மதினி, காலை 9.30
மூங்கிலைப் பற்றி யாரும் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் 3 வருடம் வளர்த்தேன். மஞ்சள் மூங்கில், தூராகத்தான் வளர்ந்தது, வேர் பரவி ஓடவில்லை. பார்க்க அத்தனை அழகு. ஆனால் வருடம் முழுவதும் சருகு. காலையில் கூட்டினால் மாலையில் மறுபடியும் கிடக்கும். அத்தைக்கு முழங்கால் வலி. தினமும் இரண்டு முறை குனிந்து கூட்ட வைக்கிற செடி அவர்களுக்கு உதவியாக இருக்காது.

அம்மா, காலை 9.41
நீயாவது என் முழங்காலை நினைத்தாயே. அரளி வைக்கலாமா? கோவிலுக்குப் பூவும் ஆகும், ஆளுயரத்துக்கு மேலே அடர்த்தியாக வரும், தண்ணீரும் அதிகம் கேட்காது.

சித்தி மகள், காலை 9.43
பெரியம்மா, அரளியில் இலை, பூ, பட்டை, வேர் எல்லாமே நஞ்சு. பொன்னரளியின் விதை இன்னும் மோசம். அண்ணன் மகனுக்கு 3 வயது, கையில் கிடைத்ததை வாயில் வைக்கிற பருவம். தீபாவளிக்கு அவன் வருவான்.

அம்மா, காலை 9.44
சரி, அரளி வேண்டாம்.

மாமா, முற்பகல் 11.20
வயலிலிருந்து இப்போதுதான் வந்தேன். எல்லாவற்றையும் படித்தேன். நம் அம்பாசமுத்திரம் பக்கத்தில் வேலி என்றால் யாரும் நர்சரிக்குப் போக மாட்டார்கள். கிளுவைக் குச்சியை ஊன்றுவார்கள், வேர் பிடித்துவிடும். ஆனால் கிளுவை கோடையில் இலையை உதிர்த்துக் குச்சியாக நிற்கும். ஆடு நுழையாமல் இருக்க அது போதும், கண்ணை மறைக்காது. அக்கா வீட்டுக்கு ஆடாதோடையும் நொச்சியும்தான் பொருத்தம். இரண்டும் போத்து வைத்தால், அதாவது கிளையை வெட்டி ஊன்றினால், வரும். ஆடாதோடையை ஆடு தொடாது, பெயரே அதுதானே. நொச்சி ஆளுயரத்தைத் தாண்டி நன்றாகவே போகும், வெட்டி விட்டால் அடரும். நடுவில் ஒன்றிரண்டு மருதாணி. பூத்தால் தெருவே மணக்கும். இருமல் வந்தால் இலை பறிக்கலாம், தலை பாரமாக இருந்தால் நொச்சி போட்டு ஆவி பிடிக்கலாம். செடி சும்மா மறைப்பதற்கு மட்டும் நிற்கக் கூடாது, அதன் இலையும் வீட்டுக்கு ஆக வேண்டும்.

சித்தி மகள், முற்பகல் 11.24
மாமா சொன்னதில் ஒரு சொல்கூட நான் மாற்ற மாட்டேன்.

நான், முற்பகல் 11.40
மாமா, எனக்கும் அதுதான் பிடித்திருக்கிறது. ஆனால் ஒரு கேள்வி. நொச்சி 10 அடி வளர்ந்தாலும் மூன்றாவது மாடியில் நிற்பவருக்கு அதற்கு மேலாகத் தெரியாதா? நான் அன்றைக்கு டேப் வைத்து அளந்தேன். துவைக்கிற கல்லிலிருந்து மதில் 14 அடி. மதிலிலிருந்து அவர்கள் பால்கனி 6 அடி. அண்ணா, நீங்கள் கணக்குப் போட்டுச் சொல்லுங்கள்.

அண்ணன், பிற்பகல் 1.15
[படம்]
தாளில் வரைந்து பார்த்தேன். முதல் மாடியில் நிற்பவரின் கண் தரையிலிருந்து 15 அடி, இரண்டாவது மாடியில் 25, மூன்றாவதில் 35 என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்லில் உட்கார்ந்தால் அம்மாவின் தலை 4 அடி உயரம். மதிலோரத்தில் நட்டு மறைக்க வேண்டுமானால் முதல் மாடிக்கே செடி 12 அடி இருக்க வேண்டும். இரண்டாவதற்கு 19 அடி, மூன்றாவதற்கு 26 அடி. அதையே கல்லுக்கு 4 அடி பக்கத்தில் கொண்டுவந்தால் மூன்றாவது மாடிக்குக்கூட 10 அடிக்குச் சற்று மேல் போதும். உட்கார்கிறவருக்கு அருகில் வர வர மறைப்பின் உயரம் குறைகிறது. நான் காலையில் சொன்ன நெட்டிலிங்கத்தை விட்டுவிடுகிறேன். மதிலைப் பார்த்தே யோசித்துவிட்டேன்; அம்மா உட்காரும் இடத்திலிருந்து யோசித்திருக்க வேண்டும்.

மாமா, பிற்பகல் 1.22
அப்படியானால் பந்தல் போடுங்கள்.

மாமா, பிற்பகல் 1.23
மேலேயிருந்து பார்ப்பவனுக்கு மேலேதானே மறைக்க வேண்டும். எங்கள் வீட்டுப் பீர்க்கைப் பந்தலுக்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்று மாடியில் நின்று பார்த்தால் தெரியவே தெரியாது.

அண்ணன், பிற்பகல் 1.50
மாமா, போட்டுப் பார்த்தேன், கணக்கு அப்படியே பொருந்துகிறது. பந்தல் ஏழரை அடி உயரம், கல்லுக்கு மேலிருந்து மதில் பக்கமாக 7 அடி நீளம். அந்த விளிம்பிலிருந்து கொடி இரண்டரை அடி கீழே தொங்கினால், முதல் மாடியிலிருந்து பார்த்தாலும் கல்லடியில் தரைகூடத் தெரியாது. மற்ற இரண்டு மாடிகளையும் பந்தலே மறைத்துவிடும். மதிலோரம் 8 மரம் வேண்டியதில்லை, கழிவுநீர்த் தொட்டிக்கும் ஆபத்து இல்லை.

மதினி, பிற்பகல் 2.05
தொங்குவதற்குத்தான் கர்ட்டன் கிரீப்பர் இருக்கிறதே! எங்கள் பால்கனியில் பச்சைத் தலைமுடி மாதிரி விழுகிறதே, அதுதான். அதை இழுத்துக் கட்ட வேண்டியதில்லை, தானாகக் கீழ்நோக்கி இறங்கும். போத்து எடுத்துத் தொட்டியில் வேர் பிடிக்க வைத்து, தீபாவளிக்கு வரும்போது கொண்டுவருகிறேன்.

நான், பிற்பகல் 2.12
காகிதப்பூ வேண்டாமா? சென்னையில் எல்லா மதிலிலும் அதுதான்.

மாமா, பிற்பகல் 2.20
அதற்கு நாள் முழுவதும் வெயில் வேண்டும். அக்கா, புறவாசலில் வெயில் எப்போது விழுகிறது, எப்போது போகிறது?

அம்மா, பிற்பகல் 2.34
10 மணி வரைக்கும் நம் வீட்டு நிழல். இப்போது 3 மணிக்கே அந்த மாடியின் நிழல் வந்துவிடுகிறது. முன்பு 5 மணி வரைக்கும் வற்றல் காயும்.

மாமா, பிற்பகல் 2.41
5 மணி நேரம். காகிதப்பூ இலையாக நிற்கும், பூக்காது. முள்ளும் இருக்கிறது. முல்லை வரும். மனோரஞ்சிதம் அரை நிழலிலும் வரும், ஆனால் முதலில் மெதுவாகத்தான் போகும். பிடித்துக்கொண்ட பிறகு ஆயுளுக்கும் நிற்கும். அது ஏறுகிற வரைக்கும் பீர்க்கை போடலாம். 2 மாதத்தில் பந்தலில் படர்ந்துவிடும், காயும் கிடைக்கும்.

அம்மா, பிற்பகல் 2.50
அவரைதான் எனக்கு ஆசை. ஆடியில் போட்டிருக்க வேண்டும், காலம் தப்பிவிட்டது. பீர்க்கையே போடலாம். மனோரஞ்சிதம் நம் ஆச்சி வீட்டில் கிணற்றுக்குப் பக்கத்தில் இருந்ததே தம்பி, நினைவிருக்கிறதா? பச்சையாக இருக்கும்போது இலைக்குள் ஒளிந்திருக்கும். மஞ்சளான அன்றைக்கு மணத்தை வைத்துத்தான் தேடிக் கண்டுபிடிப்போம்.

சித்தி, பிற்பகல் 3.02
அந்த வாசத்துக்குப் பாம்பு வரும் என்று ஆச்சியே சொல்வார்களே அக்கா.

சித்தி மகள், பிற்பகல் 3.06
அம்மா, பூவின் மணத்துக்குப் பாம்பு வராது. கீழே சருகும் விறகும் குவிந்து, எலி குடியேறினால்தான் வரும். கல்லைச் சுற்றித் தரை சுத்தமாக இருந்தால் போதும். ஞாயிறுதோறும் நான் விடுதியிலிருந்து வந்து கூட்டிவிடுகிறேன். பேருந்தில் 10 நிமிடம்தானே.

நான், பிற்பகல் 3.15
பந்தல் சரி. ஆனால் பீர்க்கை படர 2 மாதம். அதுவரைக்கும் என்ன செய்வது? பச்சை நிழல்வலை வாங்கி அனுப்பட்டுமா? பந்தல்மேல் கட்டிவிட்டு, கொடி ஏற ஏற சுருட்டிவிடலாம்.

அண்ணன், பிற்பகல் 3.18
அனுப்பு. 75 சதவீத நிழல் தருகிற வலையாக வாங்காதே, அடியில் கொடி வெளிச்சம் இல்லாமல் நீண்டு வெளுத்துவிடும். 50 போதும், இரண்டு மாதத்துக்கு மாடியிலிருந்து தெரிவதை அது மங்கலாக்கிவிடும்.

அம்மா, பிற்பகல் 4.10
எல்லோரும் இவ்வளவு யோசிக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். காலையில் சிரமம் இல்லை என்றேன், அது உண்மை இல்லை. உங்கள் அப்பா இருந்தபோதிலிருந்து வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு அந்தக் கல்லில்தான் தலையை விரித்து உலர்த்துவேன். 38 வருடம். இப்போது 4 மாதமாக விடிவதற்கு முன்னால், இருட்டில் போய்த் துணி துவைத்துவிட்டு உள்ளே வந்துவிடுகிறேன். தலையை அறையில் மின்விசிறிக்குக் கீழே உலர்த்துகிறேன். யாரும் என்னை உற்றுப் பார்க்கவில்லை. இருந்தாலும் தலைக்கு மேலே ஒரு சன்னல் திறந்திருக்கிறது என்று தெரிந்தால் கைகால் இயல்பாக நீள மாட்டேன் என்கிறது.

அண்ணன், பிற்பகல் 4.12
அம்மா, இதை ஏன் 4 மாதமாகச் சொல்லவில்லை?

மதினி, பிற்பகல் 4.13
அத்தை, போத்து தீபாவளி வரைக்கும் காத்திருக்காது. நாளைக்கே பார்சலில் அனுப்புகிறேன்.

மாமா, பிற்பகல் 4.20
[குரல் பதிவு 0:48]

மாமா, பிற்பகல் 4.24
குரல் பதிவு கேட்க முடியாதவர்களுக்கு எழுதுகிறேன். எங்கள் வயலில் பழைய கல்தூண் 6 கிடக்கிறது, ஒவ்வொன்றும் 9 அடி. ஒன்றரை அடி குழிக்குள் போனால் பெரியவன் சொன்ன ஏழரை அடி வெளியே நிற்கும். 4 தூண் போதும், நல்லதாகப் பார்த்து எடுக்கிறேன். மேலே கம்பி இழுத்துக் கட்டுவோம். ஆனி, ஆடிக் காற்றில் குழாய்ப் பந்தல் என்றால் ஆடிப்போகும். செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று கல்தூணை அசைக்காது. அடுத்த ஞாயிறு டிராக்டரில் தூணையும் நொச்சி, ஆடாதோடைப் போத்தையும் போட்டுக்கொண்டு வருகிறேன்.

பெரியப்பா, மாலை 5.00
மதிலுக்கும் வேலிச் செடிக்கும் 3 அடி விடுங்கள். வெட்டிவிட ஆள் நுழைய வேண்டும், மதிலுக்கு ஈரமும் ஏறாது.

அம்மா, மாலை 5.16
ஒரே ஒரு வேண்டுகோள். மதிலின் தென்மூலையில் முருங்கை நிற்கிறதே, அந்த இடத்தில் ஒன்றும் நட வேண்டாம். முதல் மாடியில் இருக்கிற பெண்ணுக்குக் குழந்தை பிறந்து இரண்டு மாதம் ஆகிறது. பால் சுரக்க முருங்கைக்கீரை வேண்டும் என்று கேட்டாள். செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் அவள் கயிற்றில் பை இறக்குவாள், நான் பறித்துப் போடுவேன். அந்த மூலையை அடைத்துவிட்டால் பை எப்படி இறங்கும்?

நான், மாலை 5.18
தென்மூலை 4 அடி திறந்தே இருக்கும் அம்மா. படத்தில் குறித்துவிட்டேன்.
[படம்]

மாமா, மாலை 5.31
அக்கா, கடப்பாரை இருக்கிறதா, நான் கொண்டுவரட்டுமா?

அம்மா, மாலை 5.33
இருக்கிறது தம்பி. கிணற்றடிக் கொட்டகையில் உங்கள் அத்தான் வைத்த இடத்திலேயே இருக்கிறது. காலைச் சாப்பாட்டுக்கு இங்கே வந்துவிடு, டிராக்டர் ஓட்டுகிற பையனையும் கூட்டிக்கொண்டு வா. பீர்க்கை விதை 10 மட்டும் உன் வீட்டிலிருந்து எடுத்து வா, கடை விதை வேண்டாம்.