பால்டர்ஸ் கேட்: இமோயனை எந்த லெவலில் மேஜ் ஆக்கலாம்?

வணக்கம் நண்பர்களே. 1998-ல் வந்த பால்டர்ஸ் கேட் கணினி விளையாட்டின் முதல் பாகத்தை விரிவாக்கத்தோடு சேர்த்து ஆடிக்கொண்டிருக்கிறேன். குழுவில் ஆறு பேரும் நிரம்பிவிட்டார்கள். பொறி அகற்றுவது, பூட்டு திறப்பது போன்ற வேலைக்கு தீஃப் (திருடர்) வகைப் பாத்திரமான இமோயன் ஒருத்திதான்.

அவளை டூயல் கிளாஸ் செய்து, அதாவது பழைய வகுப்பை நிறுத்தி புதிய வகுப்புக்கு மாற்றி, மேஜ் (மந்திரவாதி) ஆக்க ஆசை. மனிதப் பாத்திரம், இன்டெலிஜென்ஸும் தேவையான 17 இருக்கிறது, அதனால் விதிப்படி தடையில்லை. சிக்கல் அதற்கு அப்புறம்தான். மேஜ் லெவல் பழைய தீஃப் லெவலைத் தாண்டும்வரை திருட்டுத் திறன்கள் எதுவும் வேலை செய்யாது. தீஃப் லெவல் 6-ல் மாற்றினால் மேஜ் லெவல் 7-க்கு 60,000 அனுபவப் புள்ளிகள் வேண்டும். 7-ல் மாற்றினால் மேஜ் 8-க்கு 90,000. புள்ளிகள் ஆறு பேருக்கும் பிரிந்து போவதால் இந்த வித்தியாசம் ரொம்பப் பெரியது.

இடைப்பட்ட காலத்தை எப்படிக் கடப்பது என்பதுதான் என் முக்கியமான கேள்வி. பூட்டுக்கு நாக் மந்திரம் போதும். ஆனால் கிளெரிக்கின் (பூசாரி வகைப் பாத்திரம்) ஃபைண்ட் டிராப்ஸ் மந்திரம் பொறியைக் காட்டுமே தவிர அகற்றாது. குழுவை நாலு பேராகக் குறைத்து, புள்ளிகள் வேகமாகச் சேரும்படி ஆடலாமா? இல்லை, இன்னொரு தீஃபைத் தற்காலிகமாகச் சேர்ப்பது நல்லதா? பின்வரிசையில் நிற்பவர்களின் உயிர் போகாமல் பார்த்துக்கொள்வதே எனக்குப் பெரிய விஷயம், அதனால் நாலு பேர் என்பதில் கொஞ்சம் தயக்கம் இருக்கிறது.

இதைச் செய்து பார்த்தவர்கள் 6-ஆ 7-ஆ என்று காரணத்தோடு சொல்லுங்கள். கதையின் திருப்பங்களை மட்டும் தயவுசெய்து வெளியிட வேண்டாம்.