அமெரிக்க ஃபுட்பாலில் பந்தும் பிடித்து, எதிராளியையும் தடுக்கிற டைட் எண்டில் யார் பெரிய ஆள்: கிரான்கௌஸ்கியா, கொன்சாலஸா?

சீம்ரூட்:
என் ஓட்டு ராப் கிரான்கௌஸ்கிக்கு. 143 ஆட்டத்தில் 92 டச்டவுன் (எதிரணி எல்லைக்குள் பந்தோடு போய்ப் புள்ளி எடுப்பது). டோனி கொன்சாலஸ் 111 எடுக்க 270 ஆட்டம் ஆனது. ஒரு கேட்சுக்கு இவர் கிட்டத்தட்ட 15 யார்டு, அவர் 11.4. 2011இல் ஒரே சீசனில் 17 டச்டவுன் கேட்ச், அதற்கு முன் எந்த டைட் எண்டும் அங்கே போனதில்லை.

பதினேழுசீசன்:
சராசரியை மட்டும் நீட்டினால் எப்படி? 1997 முதல் 2013 வரை 17 சீசனில் கொன்சாலஸ் தவறவிட்டது 2 ஆட்டம். கிரான்கௌஸ்கி தன் முதல் அணியான நியூ இங்கிலாந்தின் 9 சீசனில் மட்டும் 29 ஆட்டம் ஆடவில்லை. வெளியே உட்கார்ந்திருப்பவர் எடுப்பது 0 யார்டு. கொன்சாலஸ் 37 வயதில், கடைசி சீசனிலும் 83 கேட்ச் பிடித்தார்.

மூன்றுபுள்ளி:
ரெண்டு பேருமே கேட்சை மட்டும் எண்ணுறீங்க. பிளாக்கிங்கை, அதாவது எதிராளியை உடம்பால் தடுப்பதைப் பாருங்க. தன் அணியின் முன்வரிசைத் தடுப்பாளரான டேக்கிள் பக்கத்தில் கை ஊன்றி நிற்கிற டைட் எண்ட், எதிரணி முன்வரிசை ஓரத்தில் நிற்கிற டிஃபென்சிவ் எண்டைத் தனியாக நிறுத்தணும். முதல் காலடி அரை அடி நீளத்துக்கு மேல் போகக் கூடாது, இடுப்பு தாழ்ந்திருக்கணும், ரெண்டு கையும் எதிராளி நெஞ்சுக்கு உள்பக்கம் விழணும், விழுந்த பிறகும் கால் ஓடிக்கிட்டே இருக்கணும். காலடி நீண்டால் எடை முன்னால் சரியும், அவன் இழுத்துத் தள்ளிட்டுப் போயிடுவான். கை வெளிப்பக்கம் போய்ப் பிடித்து இழுத்தால் ஹோல்டிங், 10 யார்டு தண்டம்.

கிரான்கௌஸ்கி இதை முழுசாகச் செய்ததால்தான் ஓட்டமா பாஸா என்று டிஃபென்ஸுக்கு (தடுத்து ஆடும் எதிரணிக்கு) புரியாது. லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் 53, நாலாம் குவார்ட்டர் (கடைசிக் கால் பகுதி), இரண்டாம் முயற்சி, இன்னும் 3 யார்டு தேவை. நியூ இங்கிலாந்து ரெண்டு டைட் எண்ட், ஒரு ஃபுல்பேக் (ஓட்டக்காரருக்கு வழி திறக்கும் ஆள்) என்று கனமான ஆட்களை இறக்கியது. எதிரணியான ராம்ஸும் ஓட்டத்தைத் தடுக்கும் கனமான லைன்பேக்கர்களை வைத்துக்கொண்டது. உடனே எல்லாரையும் அகலமாகப் பரப்பி, கிரான்கௌஸ்கியை சீமில் (தடுப்பாளர்களுக்கு நடுவே உள்ள நேர் இடைவெளியில்) ஓடவிட்டார்கள். 29 யார்டு கேட்ச், பந்து 2 யார்டு கோட்டில். அடுத்து வந்ததுதான் அன்றைய ஒரே டச்டவுன்.

பதினேழுசீசன்:
பிளாக்கிங்கில் கிரான்கௌஸ்கி மேல் என்பதை ஒப்புக்கொள்றேன். ஆனால் 2012இல் முன்கை முறிந்ததும் எக்ஸ்ட்ரா பாயிண்டுக்கு (டச்டவுனுக்குப் பின் உதைக்கும் கூடுதல் புள்ளிக்கு) பிளாக் செய்யும்போதுதான்.

சீம்ரூட்:
அது விபத்து. முழங்கால் வேறு கதை. அந்த உயரத்துக்கு நெஞ்சில் மோதினால் விழமாட்டார், தலைக்குப் போனால் அபராதம். அதனால் சேஃப்டிகள் (பின்வரிசைத் தடுப்பாளர்கள்) காலுக்குப் பாய்ந்தார்கள். 2013 டிசம்பரில் ஏசிஎல் (முழங்கால் தசைநார்) போனது அப்படித்தான். முதுகுத் தொந்தரவு மட்டும் கல்லூரிக் காலத்திலேயே இருந்தது, அதை மறைக்க முடியாது.

பதினேழுசீசன்:
காரணம் எதுவானாலும் அணிக்கு நஷ்டம் ஒன்றுதான். 2009இல் அட்லாண்டா ஒரு இரண்டாம் சுற்றுத் தேர்வை (புது வீரர் எடுக்கும் டிராஃப்டில் தன் முறையை) கொடுத்து 33 வயது கொன்சாலஸை வாங்கியது. 5 சீசன், 80 ஆட்டம், ஒன்றைக்கூட விடவில்லை.

சீம்ரூட்:
கிரான்கௌஸ்கிக்காக டாம்பா அணி கொடுத்தது நாலாம் சுற்றுத் தேர்வு. கிடைத்தது சூப்பர் பவுல் 55இல் 2 டச்டவுனும் கோப்பையும். கொன்சாலஸ் 17 சீசனில் ஜெயித்த பிளேஆஃப் (சீசன் முடிவு நாக்அவுட்) ஆட்டம் ஒன்றே ஒன்று.

பதினேழுசீசன்:
அதை டைட் எண்ட் தலையில் கட்டாதீங்க. 2004 ஜனவரி பிளேஆஃபில் கொன்சாலஸ் ஆடிய கான்சஸ் சிட்டி 31 புள்ளி எடுத்தும் 38க்குத் தோற்றது. இண்டியானாபோலிஸை அன்று ஒரு தடவைகூடப் பண்ட் அடிக்க (முன்னேற முடியாமல் பந்தை உதைத்து விட்டுக்கொடுக்க) வைக்க முடியவில்லை. அந்த டிஃபென்ஸுக்குக் கொன்சாலஸ் எப்படிப் பொறுப்பாவார்?