தாத்தாவுக்கு 20 வயதா, 24 வயதா?

வீட்டு டிரங்குப் பெட்டியில் 1936இல் எழுதிய கிரயப் பத்திரம் ஒன்று ரொம்ப நாளாகக் கிடந்தது. நிலம் தாத்தாவுக்கு எப்படிப் பாத்தியப்பட்டது என்று சொல்லும் இடத்தில், 1924ஆம் வருஷத்து முன்சீப் கோர்ட் டிக்ரிப்படி, அதாவது தீர்ப்பை ஒட்டிய கோர்ட் ஆணைப்படி, என்று வழக்கு எண்ணோடு ஒரு வரி. நாலைந்து தடவை படித்தும் என் கண்ணில் படாத வரி அது. அப்படி ஒரு வழக்கு நடந்ததாக வீட்டில் யாரும் மூச்சு விட்டதில்லை.

நகல் மனு போட்டு, நடையாய் நடந்து, ஏழாவது மாதம் தீர்ப்பும் டிக்ரியும் கிடைத்தன. வாக்குமூலங்களை எப்போதோ கழித்துவிட்டார்களாம். ராமநாதபுரம் சமஸ்தானத்துத் தத்து வழக்கு மாதிரி 1868லேயே லண்டனில் இருந்த கடைசி அப்பீல் கோர்ட்டான பிரிவி கவுன்சில் வரை போயிருந்தால் எல்லாம் அச்சில் கிடைத்திருக்கும். நம்முடையதோ மூன்று ஏக்கர் நஞ்சை. சரி, எதிர்க்கட்சிக்காரர்களும் நகல் வாங்கியிருப்பார்களே என்று தோன்றியது. எதிர்க்கட்சி என்றால் தாத்தாவின் சொந்தப் பெரியப்பா. அந்த வீட்டோடு எங்களுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது, ஏன் கிடையாது என்பதும் எங்கள் தலைமுறையில் யாருக்கும் தெரியாது. தயங்கித் தயங்கித்தான் போனேன். அந்த வீட்டு அண்ணன் காபி கொடுத்துவிட்டு, பரணிலிருந்து ஒரு மஞ்சள் துணி மூட்டையை இறக்கி வைத்தார். பிராது, எதிர்வாதம், சாட்சிகளின் வாக்குமூலம், எல்லாம் இருந்தன. ஒவ்வொரு சாட்சிக்கும் தகப்பனார் பெயர், வயது, தொழில், ஊர். கையெழுத்துத் தெரியாதவர்களுக்கு ஒரு கோடு, பக்கத்தில் 'இன்னார் கீறல்'. தெருவில் பாதிப் பேரின் பாட்டன்மார் அதற்குள் இருந்தார்கள்.

விஷயம் இதுதான். தாத்தா மைனராக இருந்தபோது பெரியப்பா கார்டியனாக இருந்து நிலத்தை விற்றுவிட்டார், அந்த விற்பனை செல்லாது என்று தாத்தா போட்ட வழக்கு. அப்படிப்பட்ட வழக்கை மேஜரான மூன்று வருஷத்துக்குள், அதாவது 21 வயதுக்குள், போட்டாக வேண்டும். பிராதில் தாத்தாவுக்கு வயது 20. எதிர்வாதத்தில் 24. இவர் பிறந்தது குரோதி வருஷம் என்கிறார், அவர்கள் சார்வரி என்று சொல்லி ஒரு ஜாதகத்தையே தாக்கல் செய்திருக்கிறார்கள். ஓலையும் எழுத்தும் புதிதாக இருப்பதாகச் சொல்லி நீதிபதி அதைத் தள்ளிவிட்டார், தாத்தா ஜெயித்தார். எங்கள் வீட்டில் இன்றுவரை தாத்தா குரோதி வருஷத்துப் பிள்ளைதான்.

கோர்ட்டில் இருக்கிற வயதை வேதவாக்காக எடுக்காதீர்கள் என்று இதனால்தான் எல்லோரிடமும் சொல்கிறேன். ஊர்ப்பெயர், தகப்பன் பெயர், நிலத்தின் நான்கெல்லை இதிலெல்லாம் பொய் சொல்லி யாருக்கும் பெரிய லாபமில்லை, அவற்றைத் தாராளமாக நம்பலாம். வயதும் பாகப்பிரிவினை நடந்த தேதியும் வேறு, வழக்கே அதில்தான் தொங்கும். வரி ரசீதுகள் இந்த விஷயத்தில் கொஞ்சம் யோக்கியமானவை. அவற்றில் வருஷம் பசலி என்ற வரிக்கணக்கு ஆண்டில் இருக்கும், அதோடு 590 கூட்டினால் ஆங்கில வருஷம் வந்துவிடும். பசலி ஜூலையில் பிறக்கும், அதை மட்டும் மறக்காதீர்கள்.

அப்புறம் ஒருநாள் ராத்திரி, வம்சாவளி வரைவதற்காக டிக்ரியில் இருந்த பெயர்களை வரிசையாக எழுதிக்கொண்டிருந்தேன். நாலாம் பிரதிவாதி எங்கள் அத்தைப் பாட்டி. சீதனமாக வந்த ஒரு துண்டு நிலம் அவர் பேரில் இருந்ததால் அவரையும் சேர்த்திருக்கிறார்கள். தாத்தாவின் வக்கீல் தயாரித்த பிராதிலிருந்துதான் அந்தப் பட்டியல் வந்திருக்க வேண்டும், குமாஸ்தா என்ன அவசரத்தில் இருந்தாரோ. அத்தைப் பாட்டிக்கு வயது 22 என்று போட்டிருந்தது. அவர் தாத்தாவை வாய் நிறைய 'அண்ணா, அண்ணா' என்று கூப்பிட்டதை நானே சின்ன வயதில் கேட்டிருக்கிறேன்.